தெரிந்தும் சொல்லாமல் விட்ட 200 அடி

"விமானம் 200 அடி கீழே போனதைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

சிமுலேட்டரிலிருந்து இறங்கிப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தோம். விடியற்காலை மூன்று மணி இருக்கும். விமானி வேலைக்குத் தேர்வு வைத்த நிறுவனத்தின் தேர்வாளர் கோபத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதில் எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. அப்போது ஓட்டிக்கொண்டிருந்தவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். போயிங் 737-க்கு டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டும் தனிப் பயிற்சி, முடித்தவர். முந்தின நாள் சாயங்காலம் என்னை உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர். "அண்ணா" என்றுதான் கூப்பிட்டேன். அந்த அண்ணா உயரத்தை விட்டு இறங்கியபோது, அவரே பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன்.

அந்த முறை இரண்டு பேருக்குமே வேலை கிடைக்கவில்லை. ஏழு மாதம் கழித்து வேறொரு நிறுவனத்தின் தேர்வில் தேறினேன். அந்த ஏழு மாதத்தில் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்தேன் என்பதை, சி.பி.எல். (வணிக விமானி உரிமம்) கையில் வைத்துக்கொண்டு முதல் சிம் (சிமுலேட்டர்) தேர்வுக்குக் காத்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

எனக்கு ஊர் எருத்தேம்பதி பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கேரளம்தான், ஆனால் வீட்டிலும் காட்டிலும் கடைவீதியிலும் தமிழ். பள்ளிக்கூடமும் தமிழில்தான் படித்தேன். விமானம் ஓட்டுகிற யாரும் எங்கள் சுற்றுவட்டத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. உங்களில் பலருக்கும் நிலைமை இதுவாகத்தான் இருக்கும்.

தேர்வு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ.யின் விதிப்படி 200 மணி நேரம் பறந்து, எழுத்துத் தேர்வுகளை முடித்து உரிமம் வாங்கியபின் நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கிறோம். எழுத்து, நேர்முகம் எல்லாம் இருக்கும். கூடவே சிம். இரண்டு பேரை ஜோடியாக உள்ளே அனுப்புவார்கள். ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் கவனித்து உதவுவார், பாதியில் மாற்றிக்கொள்ள வேண்டும். எங்களுக்கு ஆளுக்கு 45 நிமிடம் கொடுத்தார்கள். ஆட்டோபைலட் இல்லை, எஞ்சின் விசையைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோத்ராட்டில் இல்லை, மூக்கை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும் ஃப்ளைட் டைரக்டர் கோடுகளும் இல்லை. ரா டேட்டா என்று சொல்வது இதைத்தான். கிளம்பி ஏறுவது, சொன்ன உயரத்தில் நிற்பது, 45 டிகிரி சாய்த்து முழு வட்டம் போடுவது, ரேடார் சொல்லும் திசையில் திரும்பி ஐ.எல்.எஸ். (ஓடுபாதைக்கு வழிகாட்டும் ரேடியோ அலை) பிடித்து இறங்குவது, கடைசியில் இறங்காமல் மறுபடி மேலேறி கோ-அரவுண்ட் போவது. சில இடங்களில் ஒரு எஞ்சினை நிறுத்தியும் பார்ப்பார்கள்.

737 ஓட்டத் தெரியாத பிள்ளையை 737-இல் உட்கார வைத்து எதைப் பார்க்கிறார்கள் என்று முதல் முறை எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. டைப் ரேட்டிங்குக்கு அனுப்பினால் இந்த ஆளுக்குப் பாடம் ஏறுமா, தப்பைத் தானே கண்டுபிடிக்கிறாரா, கண்டுபிடித்ததைச் சொல்கிறாரா, தப்பு நடந்தபின் தலை வேலை செய்கிறதா. பார்ப்பது இவ்வளவுதான். வழவழவென்று ஓட்டினால் நல்லது. ஆனால் வழவழப்புக்கு மட்டும் மதிப்பெண் இல்லை.

என் 200 மணி நேரத்தில் பெரும்பகுதி செஸ்னா 172. முழு எடை 1,100 கிலோ சொச்சம். 737-800-இன் முழு எடை 79,000 கிலோ. செஸ்னாவில் கை அசைந்தால் விமானம் உடனே அசையும். ஜெட்டில் எஞ்சின் விசையைக் கூட்டும் த்ரஸ்ட் லீவரைத் தள்ளி, எஞ்சின் எழுந்து, அந்த வேகம் திரையில் தெரிவதற்குள் சில நொடி போய்விடும். அந்த நொடிகளில் பொறுமை இல்லாமல் இன்னும் தள்ளுவோம். பிறகு மொத்தமும் சேர்ந்து வந்து நிற்கும். எஞ்சின்கள் இறக்கைக்குக் கீழே தொங்குவதால் த்ரஸ்ட் கூட்டினால் மூக்கு மேலே தூக்கும், குறைத்தால் கவிழும். வேகத்தைத் திருத்தப் போய் உயரத்தைக் கெடுப்பது இப்படித்தான்.

முதல் தேர்வுக்கு நான் தயாரானது வீட்டுக் கம்ப்யூட்டரில். ஜாய்ஸ்டிக் வைத்துக்கொண்டு, ஃப்ளைட் டைரக்டர் கோடுகளின் நடுவில் விமானத்தை நிறுத்திப் பழகினேன். நன்றாக வந்தது. தேர்வில் கோடுகளை அணைத்ததும் என் கையில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. இறங்கும் சரிவைக் காட்டும் கிளைட்ஸ்லோப் புள்ளி மேலே போனால் இழுத்தேன், கீழே போனால் தள்ளினேன். நிமிடத்துக்கு 700 அடியில் இறங்க வேண்டிய விமானம் ஒரு சமயம் 1,200-இல் இறங்கியது, அடுத்த சமயம் 300-இல். புள்ளி எனக்கு முன்னால் ஓட, நான் பின்னாலேயே ஓடினேன்.

திரும்பி வந்ததும் எனக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியருக்குப் போன் செய்தேன். அவர் சொன்னது ஒரே வரி: "புள்ளியைத் துரத்தாத, எண்ணைப் பிடி."

எண் என்றால் பிட்ச்சும் (மூக்கின் கோணம்) பவரும். ஒரு எடையில், ஒரு ஃப்ளாப் (இறக்கையின் பின்னால் இறங்கும் மடல்) நிலையில், மூக்கு இத்தனை டிகிரி, எஞ்சின் இத்தனை சதவீதம் என்று வைத்தால் விமானம் இன்ன வேகத்தில் இன்னபடி பறக்கும். அதை மாற்ற முடியாது. ஆகவே முதலில் எண்ணை வைக்க வேண்டும், விமானம் அமைதியாகும் வரை காத்திருக்க வேண்டும், அப்புறம்தான் திருத்த வேண்டும். எனக்குச் சொல்லப்பட்ட எடைக்கு நான் மனப்பாடம் செய்தவை ஏறத்தாழ இவை. ஃப்ளாப் இல்லாமல் 210 நாட்டில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) மட்டமாகப் பறக்க மூக்கு 6 டிகிரி, எஞ்சின் சதவீதமான என்-ஒன் 55-க்கும் 60-க்கும் நடுவில். ஃப்ளாப் 5-இல் 180 நாட், மூக்கு அதே 6 பக்கம், என்-ஒன் 60. கியர் (சக்கரங்கள்) இறக்கி, ஃப்ளாப் 30 வைத்து, 3 டிகிரி சரிவில் இறங்க மூக்கு இரண்டரை, என்-ஒன் 55. கிளம்பும்போது மூக்கு 15 டிகிரிக்குப் போக வேண்டும். உங்கள் தேர்வு ஏர்பஸ்ஸிலோ வேறு எடையிலோ இருந்தால் எண்கள் மாறும். பெரும்பாலும் நிறுவனமே ஒரு தாள் அனுப்பும். அனுப்பினால் அந்தத் தாள்தான் வேதம். அண்ணன்மார் கொடுக்கும் பழைய நோட்டுகளை அதன்பிறகு நம்ப வேண்டாம்.

திருத்தம் எவ்வளவு சின்னது என்பதையும் கணக்காகத் தெரிந்துகொள்ளுங்கள். 140 நாட்டில் மூக்கை ஒரு டிகிரி மாற்றினால் இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 230 அடிபோல மாறும். கிளைட்ஸ்லோப்பில் கொஞ்சம் மேலே இருக்கிறோம் என்றால் அரை டிகிரி போதும். முதல் தேர்வில் நான் மூன்று, நான்கு டிகிரி தள்ளியிருக்கிறேன். இந்தக் கணக்கு அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் கை தானாக நின்றிருக்கும்.

கம்ப்யூட்டரை மூடி வைத்தேன். கொழிஞ்சாம்பாறையில் கல்யாண ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைக்குப் போய், 737 காக்பிட் படத்தை ஆறடிக்கு நாலடி அளவில் அடித்து வாங்கி வந்து நடுவீட்டுச் சுவரில் மாட்டினேன். எதிரில் சாப்பாட்டு நாற்காலி. இடது பக்கம் ஒரு மர ஸ்டூல், அதுதான் த்ரஸ்ட் லீவர். இடது பக்கம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், செஸ்னாவில் நாம் இடது இருக்கையில் உட்கார்ந்து இடது கையால் ஓட்டி, வலது கையால் பவரைப் பிடித்துப் பழகியவர்கள். துணை விமானி இருக்கை வலது பக்கம். கைகள் மாறிவிடும். எந்த இருக்கை என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு வலது என்றார்கள். அந்தக் கைமாற்றம் உடம்பில் ஏறவே இரண்டு வாரம் ஆனது.

கண் போகும் வழிதான் ஸ்கேன். நடுவில் அடிவானம் காட்டும் திரை, அதிலிருந்து வேகத்துக்குப் போய் நடுவுக்கு வா, உயரத்துக்குப் போய் நடுவுக்கு வா, திசைக்குப் போய் நடுவுக்கு வா. எங்கே போனாலும் நடுவுக்கு வந்துதான் அடுத்த இடம். சொல்ல எளிது. வேறொரு வேலை வந்ததும் கண் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை உடைத்தது அம்மா.

நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கற்பனையில் பறந்துகொண்டிருப்பேன். அம்மா பின்னால் தரையில் முறத்தை வைத்துக் கடலைக்காய் தொலித்துக்கொண்டிருப்பார். எப்போது கேட்பார் என்று தெரியாது. தலை நிமிராமல், "அம்மிணி, இப்ப எங்க?" என்பார். அந்த நொடியில் மூக்கு எத்தனை டிகிரி, வேகம், உயரம், திசை, அடுத்து என்ன செய்யப் போகிறேன் என்று ஐந்தையும் மூச்சு விடாமல் சொல்ல வேண்டும். தடுமாறினால் அம்மாவுக்கு எண் புரியாவிட்டாலும் தடுமாற்றம் புரியும். "மறுபடி சொல்லு" என்பார். தம்பி இன்னொரு பக்கம் தரையிலிருந்து கட்டளை சொல்லும் கண்ட்ரோலராக உட்கார்ந்து, "லெஃப்ட் ஹெட்டிங் 180, டிசென்ட் 3,000" என்று இடையில் புகுந்துவிடுவான். ஒரு நாளைக்கு 40 நிமிடம், அதற்கு மேல் இல்லை. இரண்டு மாதத்தில், தம்பிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் வேகத்துக்கும் உயரத்துக்கும் போய் வருவதை நானே உணர்ந்தேன். இந்தப் பயிற்சிக்கு மொத்தச் செலவு அந்த ஃப்ளெக்ஸ் மட்டும்தான். காசு கொடுத்துப் பெங்களூரில் இரண்டு மணி நேரம் சிம் எடுத்தேன்தான், ஆனால் அது கடைசி வாரத்தில். எண்ணும் ஸ்கேனும் ஏறாமல் சிம்முக்குக் காசு கொடுப்பது வீண். ஏறியபின் அந்த இரண்டு மணி நேரம் பத்து மணி நேரத்துக்குச் சமம்.

மனக்கணக்கையும் நடக்கும்போது, குளிக்கும்போது போட்டுக்கொண்டே இருந்தேன். ஏறும்போது நிமிடத்துக்கு 2,000 அடி என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு, 200 அடி முன்னாலேயே மூக்கைத் தாழ்த்தத் தொடங்க வேண்டும். உயரத்தை ஆயிரத்தில் எடுத்து மூன்றால் பெருக்கினால் இறங்கத் தேவைப்படும் தூரம் கடல் மைலில் வரும், 9,000 அடிக்கு 27. தரை வேகத்தை ஐந்தால் பெருக்கினால் 3 டிகிரி சரிவில் இறங்கும் வேகம், 140-க்கு 700. எதிர்க்காற்று 20 நாட் இருந்தால் தரை வேகம் 120, அப்போது 600 போதும். அதை மறந்து 700 வைத்தால் சரிவுக்குக் கீழே போய்விடுவோம்.

பக்கக் காற்றுக் கணக்கு மட்டும் எனக்குச் சின்ன வயதிலேயே தெரிந்திருந்தது என்று சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் ஆனி, ஆடியில் மேற்குக் காற்று எங்கள் ஊருக்குள் இறங்குகிறது. தென்னை எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். வடக்கே போகும் ரோட்டில் அப்பா டி.வி.எஸ். 50-இல் தேங்காய் மூட்டை கட்டிக்கொண்டு போவார். வண்டி நேராகப் போகும், வண்டியும் அப்பாவும் இடது பக்கம் காற்றுக்குள் சாய்ந்திருப்பார்கள். ஒரு கட்டிட மறைவு வந்தால் உடனே நிமிர்த்துவார், தாண்டியதும் மறுபடி சாய்ப்பார். விமானத்தில் சாய்ப்பதற்குப் பதில் மூக்கைக் காற்றுக்குள் திருப்பி வைக்கிறோம். எவ்வளவு என்பதற்கு, விமானம் நிமிடத்துக்கு எத்தனை கடல் மைல் போகிறதோ அதனால் பக்கக் காற்றை வகுக்க வேண்டும். 180 நாட் என்றால் நிமிடத்துக்கு மூன்று மைல், 15 நாட் பக்கக் காற்றுக்கு 5 டிகிரி. இறங்கும்போது 140-க்கு வேகம் குறைந்தால் அதே காற்றுக்கு 6 டிகிரிக்கு மேல் வேண்டும். உயரம் குறையக் குறையக் காற்றும் மாறும். அப்பா கட்டிட மறைவைக் கவனித்ததுபோல அதைக் கவனிக்க வேண்டும்.

சிம் எப்படி நம் உடம்பை ஏமாற்றுகிறது என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. ஆறு கால்களின் மேல் நிற்கும் ஒரு அறை அது. நகர இடமே இல்லை. முன்னோக்கி வேகமெடுப்பதுபோலக் காட்ட, நமக்குத் தெரியாமல் அறையைப் பின்பக்கம் சாய்க்கிறது. நம் எடையே நம்மை இருக்கையில் அழுத்தும், வேகம் கூடுகிறது என்று மூளை நம்பிவிடும். முதல் ஐந்து நிமிடம் ஏதோ சரியில்லாததுபோல இருக்கும். உடம்பு சொல்வதை விட்டுவிட்டுத் திரையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கருவியின் முன்னோடியை 1929-இல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் செய்தபோது, அவர் அப்பாவின் ஆர்கன் தொழிற்சாலையில் இருந்த துருத்திகளையும் காற்றுப் பம்புகளையும் வைத்துத்தான் அந்தப் பெட்டியை ஆட்டினார். எங்கள் அப்பிச்சி மார்கழி பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பார், ஒரு கை துருத்தியை அமுக்கிக்கொண்டே இருக்கும். அதே காற்றுதான் முதல் சிமுலேட்டரையும் அசைத்தது என்று படித்தபோது அந்த இயந்திரத்தின் மேலிருந்த பயம் எனக்குப் பாதி விலகிவிட்டது. 1934-இல் அமெரிக்க ராணுவம் அப்படி ஆறு பெட்டிகளை வாங்கியது. மோசமான வானிலையில் தபால் விமானம் ஓட்டிய ராணுவ விமானிகள் அடுத்தடுத்து இறந்த பிறகுதான் வாங்கினார்கள்.

கை வேலை இவ்வளவு. என்னைத் தோற்கடித்தது கை மட்டும் அல்லவே. வாயும்தான்.

என் மாமா பஸ் டிரைவர். எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓட்டியவர். தமிழ்நாட்டுப் பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதுவார், எங்கள் பக்கம் கேரள பஸ்ஸில் மேலே ஓடும் கயிற்றை இழுத்து மணி அடிப்பார். ஒத்தை மணி நிறுத்து, ரெட்டை மணி போ. தேர்வில் நடந்ததை மாமாவிடம் சொன்னேன். பெரியவரிடம் எப்படிங்க மாமா சொல்வது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர் சொன்னார்:

"இப்ப எங்கூட வர்ற பையனுக்கு இருவது வயசு. எனக்கு அம்பத்தாறு. அவன் ஒத்தை மணி அடிச்சா நான் நிறுத்தோணும். சின்னப் பையன் என்னை நிறுத்தச் சொல்றதான்னு நெனச்சு ஓட்டுனா, படியில எறங்கிட்டிருக்கற ஆள் சக்கரத்துல விழுவாரு. அவனும் மாமன் கோச்சுக்குவாருன்னு மணி அடிக்காம இருந்தா அதே கதிதான். மணிக்கு வயசு கெடையாது அம்மிணி."

விமானத் துறை இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவின் மூடுபனியில் இரண்டு 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்பட்டுக்கொண்டிருந்த விமானத்தில் இருந்த பொறியாளர், எதிரில் இருக்கும் விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டார். மூத்த கேப்டன் விலகிவிட்டது என்றார். அதன்பின் பொறியாளர் அழுத்திச் சொல்லவில்லை. அந்த ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தை வாசித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் 200 அடியும் அதே மௌனம்தான். நான் இருந்தது சிம் என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவ்வளவே.

ஆகவே வாயைப் பழக்கினேன். விமானத்தில் இதற்கென்றே வார்த்தைகள் இருக்கின்றன: "ஸ்பீட்", "ஆல்டிடியூட்", "சிங்க் ரேட்" (இறங்கும் வேகம்), "கிளைட்ஸ்லோப்", "பேங்க் ஆங்கிள்" (சாய்வு). கவனித்தால் அந்த வார்த்தைகளில் ஆள் இல்லை. நீங்கள் தப்பு செய்கிறீர்கள் என்ற பேச்சே இல்லை. மணி மாதிரி, நடப்பதை மட்டும் சொல்கின்றன. முன்னால் "சார்", பின்னால் "பரவாயில்லைங்களா" எல்லாம் ஒட்டத் தேவையில்லை. சொன்னதும் ஓட்டுபவர் "கரெக்டிங்" என்பார். பதில் இல்லை என்றால் மறுபடி, இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு முறை சொல்லியும் பதில் வராவிட்டால், அவருக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று விமானத்தை வாங்கிக்கொள்வதுதான் முறை. இதை மாமாவை வைத்தே பழகினேன். அவரைச் சாப்பாட்டு நாற்காலியில் உட்கார வைத்து, எண்கள் எழுதிய அட்டைகளைத் தம்பி ஒவ்வொன்றாகக் காட்டுவான். எண் மாறியதும் நான் மாமாவைப் பார்த்துச் சத்தமாக "ஸ்பீட்" என்க வேண்டும். முதல் நாள் குரல் எழவே இல்லை. மாமா, "கேக்கல" என்றார். பத்து நாளில் பழகிவிட்டது.

இரண்டாம் தேர்வு மத்தியான ஸ்லாட். முதல் முறை ராத்திரி ஒரு மணிக்கு. இந்த இயந்திரங்கள் இரவு பகலாக ஓடுகின்றன, எந்த நேரமும் கிடைக்கலாம். ராத்திரி ஸ்லாட் கிடைத்தால் மூன்று நாள் முன்னாலிருந்தே தூக்கத்தைத் தள்ளிப் பழகுங்கள். கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் போய், பகலெல்லாம் விழித்திருந்து, நடுராத்திரி உட்கார்ந்த என் தப்பை யாரும் செய்ய வேண்டாம்.

இந்த முறை ஜோடி ஒரு திருச்சூர் பையன், என்னைவிடச் சின்னவன். உள்ளே போகும் முன் பத்து நிமிடம் பேசி வைத்துக்கொண்டோம். நான் எதை மறப்பேன் என்று நான் சொன்னேன், அவன் எதை மறப்பான் என்று அவன் சொன்னான். எது மாறினாலும் சத்தமாகச் சொல்வது என்று முடிவு. அந்தப் பத்து நிமிடத்தை யாரும் தவறவிட வேண்டாம். தேர்வாளர் அங்கிருந்தே பார்க்கத் தொடங்கிவிடுகிறார் என்பது என் எண்ணம்.

சிம்மில் கொச்சி, மேற்கே 270 டிகிரி பார்த்த ஓடுபாதை 27. தெற்கிலிருந்து 15 நாட் காற்றைத் தேர்வாளர் வைத்திருந்தார். ஏறி 4,000 அடியில் நிற்க வேண்டிய இடத்தில் 150 அடி தாண்டிவிட்டேன். பையன் "ஆல்டிடியூட்" என்றான், அதே நேரத்தில் நானும் "150 அடி மேலே, கரெக்டிங்" என்றேன். மூக்கை ஒரு டிகிரி தாழ்த்தினேன், எஞ்சினை இரண்டு சதவீதம் குறைத்தேன், கை அழுத்தம் இல்லாமலே நிற்கும்படி ட்ரிம் செய்தேன், விமானம் நின்றது. முதல் தேர்வில் இப்படி ஒன்று நடந்தபோது அடுத்த ஐந்து நிமிடமும் அதையே நினைத்துக்கொண்டு ரேடியோவைத் தவறவிட்டேன். இந்த முறை நின்றதும் என் காதில் கேட்டது, "அம்மிணி, இப்ப எங்க?" ஐந்தையும் மனதுக்குள் சொல்லி முடிப்பதற்குள் போனது போனதாகிவிட்டது.

45 டிகிரி வட்டத்தில் இறக்கை தாங்க வேண்டிய எடை 1.4 மடங்காகிறது. 30 டிகிரியைத் தாண்டும்போதே மூக்கைக் கொஞ்சம் தூக்கி எஞ்சினையும் ஏற்ற வேண்டும். நான் ஏற்றத் தாமதித்ததில் வேகம் 10 நாட் விழுந்தது. வட்டம் முடிந்து வெளியே வரும்போது கூட்டியதை எல்லாம் திருப்பிக் குறைப்பதுதான் பலர் மறக்கும் இடம். அப்படியே விட்டால் விமானம் எகிறும்.

ஐ.எல்.எஸ். நன்றாக வந்தது. ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் லோக்கலைசரைப் பிடித்ததும் ஹெட்டிங் (மூக்கின் திசை) 264 வைத்தேன், கணக்கில் வந்த அதே 6 டிகிரி. ஊசி கொஞ்சம் நகர்ந்தது. 265. நின்றுவிட்டது. கிளைட்ஸ்லோப் புள்ளி நகரத் தொடங்கியதும் கியர், ஃப்ளாப் 15. அப்புறம் ஃப்ளாப் 30, மூக்கு இரண்டரை, என்-ஒன் 55. அந்த நிலையில் மூன்று நொடி கையை அசைக்காமல் வைத்திருந்தேன். விமானம் தானாக அந்தச் சரிவில் உட்கார்ந்ததைப் பார்த்தபோது ஏற்பட்ட நிம்மதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஏழு மாதமாகச் சுவரில் பார்த்த படம் அசைந்து இறங்கியது.

கோ-அரவுண்ட்டில் எஞ்சின்கள் எழுந்ததும் மூக்கு எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தூக்கும், அழுத்திப் பிடிக்கத் தயாராக இருங்கள். ஒரு எஞ்சின் நின்றால் ஓடுபாதை நடுக்கோட்டைக் காலால் பிடிக்க வேண்டும், கையால் அல்ல. மேலே எழுந்தபின் கைச்சக்கரம் மட்டமாக இருந்தால் கால் போதுமான அளவு அமுக்கியிருக்கிறது என்று அர்த்தம். 400 அடிக்கு முன் எந்தச் செக்லிஸ்ட்டையும் தொட வேண்டாம்.

பையன் ஓட்டும்போது 900 அடியில் கிளைட்ஸ்லோப்புக்குக் கீழே ஒரு புள்ளி அளவு போனான். "கிளைட்ஸ்லோப்" என்றேன். "கரெக்டிங்" என்றான், திருத்தினான். மூன்று நொடி விஷயம்.

வெளியே வந்ததும் தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி, "மறுபடி ஓட்டச் சொன்னா எதை மாத்துவீங்க?" நன்றாக வரவில்லை சார் என்று பொதுவாகச் சொன்னால் பயன் இல்லை. 4,000 அடியில் 200 அடிக்கு முன்னாலேயே தாழ்த்தத் தொடங்கியிருக்க வேண்டும், வட்டத்தில் 30 டிகிரியைத் தாண்டும்போதே பவர் ஏற்றியிருக்க வேண்டும் என்று எண்ணோடு சொன்னேன். எழுதிக்கொண்டார்.

இன்னும் ஒன்றிரண்டு. லாக்புக், உரிமம், கிளாஸ் 1 மெடிக்கல் எல்லாம் அசலாகக் கையில் இருக்க வேண்டும். லாக்புக் கூட்டல்களை முந்தின வாரமே ஒரு முறை சரிபாருங்கள். இருக்கையில் உட்கார்ந்ததும் அவசரப்படாமல் உயரத்தையும் பெடலையும் கால் முழுக்க எட்டும்படி சரிசெய்துகொள்ளுங்கள். நான் உயரம் குறைவு, முதல் தேர்வில் கூச்சத்தில் அதைச் சரியாகச் செய்யவில்லை. யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

அந்த ஃப்ளெக்ஸ் இப்போது எங்கள் வீட்டில் இல்லை. நடுப்புணியில் ஒரு பையன் போன மாதம் வந்து கேட்டான், சுருட்டிக் கட்டிக் கொடுத்தேன். எந்தெந்த நேரத்தில், எப்படித் தலை நிமிராமல் "இப்ப எங்க?" என்று கேட்க வேண்டும் என்பதை அவன் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க, என் அம்மாவே பஸ் ஏறிப் போய்விட்டு வந்தார்.